சிலிண்டரைக் காட்டச் சொன்ன ராக்கம்மா

ராக்கம்மா சிறுமியாக இருந்தபோது, இந்தியாவில் வீடும் நிலமும் காத்திருப்பதாகச் சொல்லி இலங்கைத் தோட்டத்திலிருந்து அவள் குடும்பத்தைக் கப்பலேற்றினார்கள். கொடைக்கானல் மலையில் கிடைத்தது மரப்பட்டை உரிக்கும் கூலி வேலைதான். அதன்பிறகு அவள் யார் வாக்கையும் நம்பியதில்லை.

அறுபது தாண்டியதும் நுரையீரல் சுருங்கிப்போனது. மூக்கில் குழாயும் தோளில் ஆக்ஸிஜன் மெஷினுமாகப் பெருமாள்மலை வீட்டில் இருந்தவளுக்கு, இலங்கையிலேயே தங்கிவிட்ட அக்கா ஹட்டனில் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று தகவல் வந்தது. கொடைக்கானல் ஓட்டலில் வேலை பார்க்கும் மகள் கலைமணி, டாக்டர் சான்றிதழை அனுப்பி விமான டிக்கெட் போட்டாள். விமானத்தில் தாங்களே ஆக்ஸிஜன் தருவதாகக் கம்பெனிக்காரர்கள் போனில் சொன்னார்கள்.

மதுரை விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த சௌம்யா கை நீட்டினாள். “மெஷினைக் குடுங்கம்மா, லக்கேஜ்ல போட்டுருவோம். பிளேனுக்குள்ள சிலிண்டர் இருக்கு.”

“நீ பாத்தியா?”

“சிஸ்டத்துல காட்டுதும்மா.”

“கண்ணால பாத்தியான்னு கேக்கேன்.”

கலைமணிக்குக் கூச்சமாக இருந்தது. “அம்மா, பின்னால ஆளுக நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். அவுகளுக்கா மூச்சு முட்டப் போகுது?”

சௌம்யா போனில் யாரிடமோ கேட்டாள். முகம் மாறியது. மேலதிகாரி ஜெயமுருகன் வந்தார். சிலிண்டர் ஏற்றப்படவே இல்லை.

“மெஷினை உள்ளேயே கொண்டு போங்க. ஆனா ஏதாச்சும் ஆனா நாங்க பொறுப்பில்லைன்னு கையெழுத்துப் போடணும்” என்றார்.

“சிலிண்டர் தாரோம்னு சொன்னது யாரு?”

“இவ்வளவு முடியாதவங்க பயணம் பண்றதே ரிஸ்க்குங்கம்மா.”

அதுவரை நெளிந்துகொண்டிருந்த கலைமணிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “எல்லாத்தையும் முன்னாடியே சொல்லித்தானே சார் டிக்கெட் போட்டோம்? சிலிண்டர் வைக்காதது எங்க தப்பா? அம்மா, கையெழுத்துப் போடாத.”

விமானம் அவர்களை விட்டுவிட்டுப் பறந்தது. ராக்கம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. மாலையில் ஜெயமுருகன் மறுபடி வந்தார். மறுநாள் விமானத்தில் மெஷினோடு ஏறலாம், கையெழுத்து வேண்டாம் என்றார். ஏன் மனம் மாறினார் என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் கொழும்பில் இறங்கும்வரை மெஷின் வாரைக் கையிலிருந்து விடவும் இல்லை.

அக்காவுக்கு நினைவு இருந்தது. ராக்கம்மா ஒரு வாரம் பக்கத்திலேயே இருந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

ஊர் திரும்பியபின் கலைமணி அனுப்பிய புகாருக்குப் பதில் வந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

“யாரு செஞ்ச தப்புன்னு போட்டிருக்காகளா?”

“அது இல்லம்மா.”

“அப்ப இன்னொருத்திக்கும் இதையேதான் செய்வாக. திருப்பி எழுது” என்றாள் ராக்கம்மா.