எலிகளுக்கு மருந்து கொடுக்கிறவள்

கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய், ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு மருந்து கொடுப்பது என் வேலை. சாதாரண எலிகள் அல்ல. மனித ரத்த அணுக்களை உடம்பில் ஏற்றி வளர்த்தவை. எச்.ஐ.வி. மனித அணுக்களைத்தான் தேடிப் பிடிக்கும் என்பதால் அவற்றுக்கு அந்தப் பதவி உயர்வு. கிருமியை ஏற்றி, புது மருந்தைக் கொடுத்து, ரத்தத்தில் கிருமி குறைகிறதா என்று பார்ப்போம். அம்மா இதையெல்லாம் சுருக்கி, எனக்கு ஹாஸ்பிட்டலில் வேலை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

முப்பத்து மூன்று வயதில் ஒரு வரன் வந்தது. ஜாதகம் அமோகமாகப் பொருந்தியதாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா மூவரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அப்பளத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவருடைய அம்மா, எந்த வார்டில் வேலை என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். உண்மையில் அம்மா சொல்லிக்கொடுத்த பதில் மறந்துபோய்விட்டது. எலி, எச்.ஐ.வி., மருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மாள் தன் தண்ணீர்க் குவளையை மெல்ல நகர்த்தி வைத்தார்.

"கையெல்லாம் நல்லா கழுவிட்டுத்தானேம்மா வந்தே?"

இரட்டைக் கையுறை, முகக்கவசம், வெளியே வரும்போது குளியல் என்று விளக்கினேன். அந்தக் கடையிலேயே சுத்தமான கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். ரசம் வருவதற்குள் அவர்களுக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. மறுநாள் தரகர் போன் செய்து, ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் ஒரு தோஷம் தென்பட்டதாகச் சொன்னார். எலி வளர்ப்பதைக் காட்டிக்கொடுக்கும் கிரகம் எது என்று கேட்க நினைத்தேன். அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த மாப்பிள்ளையின் அக்கா அழைத்தார். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம்.

"ரெண்டு வருஷமா மருந்து சாப்பிடறேன். வீட்டுக்காரர்கிட்டேருந்து வந்தது, அவரு இப்ப இல்ல. அம்மாவுக்குத் தெரியாது."

மாத்திரையை வைட்டமின் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார். கடைசிப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்று வந்ததால், நிறுத்திவிடலாமா என்று யோசனை. டாக்டரிடம் கேட்டால் திட்டுவாராம். எலிகளோடு பழகுகிறவள் திட்டமாட்டாள் என்று நம்பியிருக்கிறார்.

"உங்க எலிக்கு மருந்த நிறுத்திட்டா என்னா ஆவும்?"

"சில வாரத்துலயே கிருமி திரும்ப வந்துடும் அக்கா. ரத்தத்துலதான் தெரியாது, உள்ளுக்கு ஒளிஞ்சிருக்கும். நீங்க நிறுத்தாதீங்க. டாக்டர் திட்டினா திட்டட்டும்."

தலையாட்டினார். பிறகு, அந்த எலிகளுக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று கேட்டார். மழுப்பியிருக்கலாம். கொன்று, எந்த உறுப்பில் கிருமி ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம் என்றேன். தேநீரை வெகுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"பாவம் லா," என்றார்.

என் கைக்குப் பயந்த அந்த அம்மாள் தினமும் சாப்பிடுவது இவர் சமையலைத்தான். சமையலால் கிருமி தொற்றாது என்பது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அதை என் வாயால் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மருந்தை நிறுத்தவில்லை. போன மாதம் தன் அம்மாவிடம் சொல்லியும் விட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லையாம். மூன்றாம் நாள் அந்த அம்மாளே என்னை அழைத்தார். வரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா என்று கேட்டார்.