தண்ணீர் வடியும் மூலை

சக்கரத்துக்கு அடியில் ஒரு மிளகு மாட்டினால் ‘நறுக்’கென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் காதில் விழுவதற்குள் நான் கீழே விழுந்திருப்பேன். முழங்கையில் சிராய்ப்பு, மூக்கில் மிளகுக் காரம், அதற்கு மேல் அடுக்குத் தும்மல். பதினோரு வயதை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தத் தும்மல்தான்.

டிவியில் பனிக்கட்டி மேல் பாவாடை பறக்கச் சுழன்று ஆடுவார்களே, ஃபிகர் ஸ்கேட்டிங், அதே ஆட்டத்தைத்தான் நானும் ஆடினேன். நாமக்கல்லில் பனிக்கு எங்கே போவது, எங்களுக்கு நாலு சக்கரம் வைத்த பூட்ஸும் வழவழப்பான தரையும்தான். மண்டலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி என்று கோச் ஆசை காட்டியிருந்த நேரத்தில், நர்ஸ் வேலையில் இருந்த அம்மாவுக்குக் கொல்லிமலைக்கு ‘டிரான்ஸ்பர்’ வந்து தொலைத்தது. வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் வாடகை வீடு பிடித்தோம். ஏரி இருந்தது, படகு இருந்தது, பலாப்பழம் இருந்தது. சமமான தரை என்று மட்டும் ஒரு பாய் அகலம்கூட இல்லை. போட்டிக்கு நாலே மாதம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்த ஒரே சிமெண்ட் தரை, வீட்டுக்காரர் சடையன் மாமா மிளகும் ராகியும் காயப்போடும் களம். அதில் செருப்புக் கால் படக்கூடாது என்பது அந்த மலையில் கண்டிப்பு. பூட்ஸும் செருப்புக்குச் சொந்தம்தானே என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மாமா என் பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்து, ஒரு சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டார். “வண்டிச் சக்கரம் ஏறுதுல்லீங்க, இதும் ஏறட்டும். ஆனா நடுவு வரைக்கும் வெறுங்காலோட போயி, உக்காந்து மாட்டிக்கோணும், கண்ணு.” அவர் மனைவி பாப்பாயி அத்தை, “என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் களம்தான். ஒற்றைக் காலில் நின்று எட்டுச் சுற்று சுற்றுகிற ‘ஸ்பின்’தான் என் ஆட்டத்துக்கே உயிர். முதலில் சுற்றச் சுற்றக் கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது; ஒரு மாதம் விழுந்து எழுந்தபின் அந்த இழுப்பு நின்றுவிட்டது. அம்மா செல்போனில் படம் பிடித்து அனுப்புவாள், கோச் “நல்லாத்தான் சுத்துறா” என்பார். எனக்கும் லேசாகத் தலைக்கனம் ஏறியது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போட்டி சேலத்தில். மிளகு விற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாமாவும் எங்களோடு பஸ் ஏறினார். மலை இறங்கி முள்ளுக்குறிச்சி வருவதற்குள் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன், பாதி வளைவுக்கு, பாதி பயத்துக்கு. போட்டி நடக்கும் இடத்தில் கண்ணாடி மாதிரி தரை. பழகிப் பார்க்கலாம் என்று ஸ்பின்னை எடுத்தேன், மூன்றாவது சுற்றில் இடது பக்கம் சாய்ந்து விழுந்தேன். மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் இடது பக்கம். கோச் கத்தினார், “ஏன்டி சாயுற, நேரா நில்லு!” நேராகத்தானே நிற்கிறேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

கம்பிக்கு வெளியே நின்ற மாமா குனிந்து, தரையைக் கண்ணால் அளந்தார். பிறகு என்னை அருகே கூப்பிட்டுத் தப்புச் செய்தவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். “இது மட்டமாக் கெடக்குது, சாமி. நம்ம களத்த மழத்தண்ணி வடியோணும்னு நாந்தான் ஒருபக்கம் சாய்ச்சுப் போட்டேன். நீ அந்த மேட்டுப் பக்கமே சாஞ்சு பழகிட்ட.”

அட கடவுளே! நாலு மாதமாக நான் கற்றுக்கொண்டது ஸ்பின் இல்லை, ஒரு களத்தின் சாய்மானம். அவ்வளவு சாய்மானமும் உடம்புக்குள் ஏறியிருந்தது, அதை இறக்கிவைக்க எனக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. பெயர் கூப்பிட்டார்கள், ஆடினேன், ஸ்பின்னில் எல்லார் முன்னாலும் விழுந்தேன். நாலாவது இடம்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அடுத்த வருஷமும் இப்படின்னா இதோட விட்டுடலாம்டி, என்னால முடியல” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், களத்தின் கீழ்மூலையை உயர்த்திப் பத்தடிக்குப் பத்தடி புதுச் சிமெண்ட் மேடு. ஒரு சொம்பில் தண்ணீரை நடுவில் ஊற்றி, எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கிறதா என்று மாமா குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனி நேரா நில்லு, கண்ணு” என்று மட்டும் சொன்னார். அந்த மூலையில்தான் என் உடம்பை மறுபடி நிமிர்த்தினேன். ஒவ்வொரு நாளும் பயம். காலையில் பல் தேய்க்கும்போதுகூட, சாய்ந்து நிற்கிறேனோ என்று கண்ணாடியைப் பார்ப்பேன்.

அந்தத் தை மாதம் காலங்கெட்ட மழை பெய்தது. அதற்குப் பிறகு பாப்பாயி அத்தை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மிளகு களத்தில் இல்லாமல் வாசலில் பாய் விரித்துக் காய்ந்தது. ஏன் மாமா என்று கேட்டால், “இங்கதான் நல்லா வெயில் உளுகுது, சாமி” என்றார். அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை, என்றைக்காவது களத்தை விட்டு விரட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டே ஆடினேன். யாரும் விரட்டவில்லை. அந்த வருஷம் சேலத்தில் எட்டுச் சுற்றும் சுற்றி நின்றேன். இரண்டாவது இடம். அம்மா மேடைக்கு ஓடி வந்து, பூட்ஸோடு சேர்த்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து மாமா இறந்தபோது துக்கம் கேட்கப் போன என்னிடம்தான் அத்தை அதைச் சொன்னார். “நீ ஆடுறதுக்கு மேடு கட்டுனாருல்ல, தண்ணி வடியுற மூலையே அதுதான் கண்ணு. மழைக்குத் தண்ணி வடிய வழியில்லாம அந்த வருசம் களத்துல கெடந்த மொளகு பூராவும் பூசணம் பூத்துப்போச்சு. ஒடச்சு உடுங்கன்னு நான் சண்ட போட்டேன். புள்ள போட்டி முடியட்டும்னுட்டாரு. உங்கிட்ட மூச்சு உடக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டாரு.” அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது நான் கோவையில் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். மகன்கள் இடத்தை விற்றுவிட்டார்கள், அத்தை மலையிலேயே திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் மகள் வீட்டோடு இருக்கிறார். களத்தின் மேல் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகள் வந்துவிட்டன. கீழ்மூலை மட்டும் வண்டி நிறுத்தும் இடமாக மிச்சம் இருந்தது. முதல்நாள் மழை, மேட்டை ஒட்டிக் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர். அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தவர் சலித்துக்கொண்டார். “எந்தப் புத்திகெட்டவன் இங்க மேடு கட்டுனானோ தெரியலீங்க. தண்ணி போவவே மாட்டேங்குது.”

“எனக்காகக் கட்டுனதுங்க” என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி மேட்டில் ஏறி, கொஞ்ச நேரம் நேராக நின்றேன்.