கல்லறைக் காவலன் ஆண்டி

மொரப்பூர்ப் பக்கத்தில் ஆண்டி என்று ஒருவர். தக்காளி போடுவார், விலை இல்லாத வருஷம் அதையே மாட்டுக்குப் போடுவார். கொண்டவள் காசியம்மாள், அதியமான்கோட்டைக்காரி. சொந்த அத்தை மகனுக்குப் பேசி வைத்திருந்த பெண், ஆண்டிக்கு வந்து சேர்ந்தாள். அது தனிக்கதை.

ஆண்டி கும்பிடுவது முனியப்பனை. ஆனால் மாதா கோயில் மைதானத்தில் ஏசு செத்து உயிர்த்த கதையைப் பாஸ்கா நாடகமாகப் போட்டால், ஏசுநாதரின் கல்லறைக்குக் காவல் நிற்பவர் அவர்தான். கோயில் உபதேசியார் பெரியநாயகம் நாடகத்தை நடத்திய நாளில் ஆரம்பித்த பழக்கம் இது. வேதக்காரப் பையன்கள் எல்லாரும் சீடனாகத்தான் வருவேன் என்றார்கள். காவலனாக நிற்க ஒருத்தனும் இல்லை. என் மகன் ஏசுவுக்கு எதிரியா என்று தாய்மார்கள் மல்லுக்கு நின்றார்கள். வரப்பில் போய்க்கொண்டிருந்த ஆண்டியைப் பெரியநாயகம் கூப்பிட்டு, "ஏம்ப்பா, உன் மீசை சும்மாதானே இருக்குது, கொஞ்சம் வந்து நில்லு" என்றார்.

போய் நின்றவர்தான். கல்லறைப் பாறை விலகி, விளக்கு எரிந்து, ஏசு எழுந்து வரும்போது காவலர்கள் செத்தவர்களைப் போல விழ வேண்டும். மற்றவர்கள் பாதி உட்கார்ந்து, இடம் பார்த்து விழுவார்கள். ஆண்டி நின்ற வாக்கில், வெட்டின தென்னை மாதிரி மல்லாக்க விழுவார். அவர் தெருக்காரர்கள் டெம்போ பிடித்து வருவதே அதைப் பார்க்கத்தான்.

இந்த வருஷம் நாடகத்தை எடுத்துக்கொண்டவன் ஆரோக்கிய பிரவீன், பெரியநாயகத்தின் தம்பி பேரன், ஓசூரில் கம்பெனி வேலை. வந்ததும் சொல்லிவிட்டான்.

"காவலர் சீன் வேண்டாம் மாமா. ரொம்ப லெங்த்தா இருக்குது. நேரா மதலேன் மரியாள் வந்து காலிக் கல்லறையப் பாக்குறாங்க, அவ்வளவுதான்."

ஆண்டிக்குச் சோறு இறங்கவில்லை. காசியம்மாளுக்கு மட்டும் சந்தோஷம். "நல்லதாப் போச்சுங்க. வருஷா வருஷம் வுழுந்துட்டு வருவீங்க, இடுப்புக்கு எண்ணெ தேய்க்கிறது நானு."

ஆனாலும் ஒத்திகை நடந்த இடத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தார். மேடையில் சீடர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். மரியாள் ஓடி வந்து, ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்றாள். பேதுருவாக நின்ற அமல்தாஸ், பொம்பளை பிதற்றுகிறாள் என்று கையை உதறினார்.

"அமலு, ஒண்ணு கேக்கட்டா?" என்றார் ஆண்டி. "மூணாம் நாள் எழுந்து வருவேன்னு அவரு சொல்லிட்டுத்தானே போனாரு? பொறவு என்னத்துக்கு ஒப்பாரி?"

அமல்தாஸ் யோசித்தார். "எங்களுக்கு அது மண்டையில ஏறலண்ணா. அவரு ராஜா ஆவாரு, நமக்கும் ஆளுக்கொரு பதவி வரும்னு இருந்துட்டோம்."

"வார்டு மெம்பர் ஆகலாம்னு கட்சிக்காரன் பின்னாடி சுத்துவானே, அந்த மாதிரி."

"அந்த மாதிரிதான்."

"கூடவே சாப்பிட்டவங்களுக்கு ஏறல. கொன்னவங்களுக்கு ஞாபகம் இருந்திருக்குது பாரு. அதனாலதான் எங்களக் காவல் வெச்சாங்க."

பிரவீன் சிரித்தான். "இல்ல மாமா, சீடருங்க ஒடம்பத் திருடிடுவாங்கன்னுதான் காவலு."

"யாரு, இவுங்களா?" ஆண்டி மேடையை ஒரு பார்வை பார்த்தார். "கதவத் தொறக்கவே நடுங்குறாங்க. இவுங்களா பாறையப் பொரட்டப் போறாங்க?"

சீடர்களே சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் பிரவீன் பேரத்துக்கு வந்தான். எதையும் சந்தேகப்படுகிற சீடன் தோமாவாக வருகிறவன் திருப்பூர் போய்விட்டான், ஆள் இல்லை. "இவ்வளவு கேள்வி கேக்குறீங்களே, நீங்களே தோமாவா வாங்க. காவலர் சீனயும் வெச்சிக்கலாம்."

தோமாவுக்கு வசனம் உண்டு. ஆண்டிக்கு வசனம் வேண்டாம், விழுந்தால் போதும். ஆனால் விழுவதற்கு வேறு வழியில்லாததால் தலையாட்டினார்.

நாடகத்தன்று சாயங்காலம் டெம்போ நிறைய ஆள் வந்தது. பாறை விலகியது. ஆண்டி விழுந்தார், மேடைப் பலகை அதிர்ந்ததில் பேதுருவின் தாடி கழன்றது. மைதானமே கைதட்டியது. திரைக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு தோமாவாக வந்தார். மீசையை மாற்ற முடியவில்லை.

"ஆண்டவரைக் கண்டோம்" என்றார்கள் சீடர்கள்.

"அவர் கைகளின் காயத்தை நான் பார்த்து, அதில் என் விரலை இட்டால் ஒழிய நம்ப மாட்டேன்" என்றார் ஆண்டி, பிசகாமல்.

கூட்டத்தின் நடுவில் காசியம்மாள் எழுந்து நின்றாள். "ஏங்க, இப்பத்தானே கல்லறைகிட்ட நின்னு பாத்தீங்க? கண்ணால பாத்துட்டு இல்லைங்கிறீங்களே."

மைதானம் சிரிப்பில் குலுங்கியது. பிரவீன் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். பேதுரு தாடியைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது சொல் என்று ஆண்டிக்குக் கண்ணைக் காட்டினார்.

"பாத்தது அந்தக் காவல்காரன், அம்மா," என்றார் ஆண்டி மெதுவாக. "அவனுக்குக் காசு குடுத்து வாய அடச்சிட்டாங்க. நானு தோமா. எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல."

விழுந்ததற்குத் தட்டியதைவிட இதற்குப் பெரிதாகத் தட்டினார்கள். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர் பெரியநாயகம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

நாடகம் முடிந்ததும் பிரவீன் வந்தான். "மாமா, அடுத்த வருஷம் தோமாவுக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன். நீங்க விழுந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டு ஆண்டி கேட்டார். "என்னத்துக்குடி நடுவுல எந்திரிச்ச?"

"பாத்தத இல்லைன்னு சொன்னீங்க, எனக்குப் பொறுக்கல." காசியம்மாள் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். "வுழுறதுல ஒண்ணும் கொறையில்ல. அசையாதீங்க."