ஓடிப்போனவளின் நாற்பது கட்டில்கள்

எங்கள் வீட்டில் 'ஓடிப்போனவள்' என்றால் அது என் அத்தைதான். இருபத்தொரு வயதில் ஒரு மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்ள வீட்டைவிட்டுப் போனவர். அவரோடு அப்பா பேசி இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் ஒரே ஊர். தப்பித் தவறி இருவரும் ஒரே பேருந்தில் ஏறிவிட்டால், அப்பா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பார்.

அத்தைக்கு வேலை ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில். விரிப்பைப் பார்த்தாலே எந்த வார்டு என்று சொல்லிவிடுவார். குழந்தைகள் வார்டிலிருந்து வருகிறவற்றில் மட்டும், துவைக்கத் துவைக்கப் போகாத தரை அழுக்கு. ஒருநாள் மாடியேறிப் போய்ப் பார்த்தார். கட்டிலில் பிள்ளை, கீழே, அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த மேல்விரிப்பை விரித்து அம்மா. வரிசையாக நாற்பது பேர்.

அந்த வருஷ மாரத்தானில், ஆஸ்பத்திரிக்காக ஓடும் ஒருவர் முடிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மடக்குக் கட்டில் தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. வேறு யாரும் முன்வராததால் அத்தை பேர் கொடுத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார்.

"நாப்பத்தேழு வயசுல இதெல்லாம் தேவையா அத்தை?"

"ஓடுறதுல எனக்கு அனுபவம் இருக்கே. உங்கப்பாவைக் கேளு."

ஆறு மாதம் விடியலில் பயிற்சி. மாமா சைக்கிளில் பின்னாலேயே வருவார், தண்ணீர் பாட்டிலும் முனகலுமாக.

ஓட்டத்தன்று அத்தையின் இடுப்பில், இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கம், வெளிநாட்டில் இருந்த என் ஃபோன் திரையில் அத்தை ஒரு நீலப் புள்ளி. முப்பத்தேழு கிலோமீட்டர் வரை ஊர்ந்துவந்த புள்ளி அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். நான் கற்பனை செய்யாத விபத்து இல்லை. முடிவுக் கோட்டில் நின்ற மாமா ஃபோனை எடுக்கவில்லை. புள்ளி நின்ற இடத்திலிருந்து எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அவ ஓடினா நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்? முன்ன ஒரு தடவை ஓடினப்ப பாத்தது போதாதா?"

"அப்பா, நாப்பதை எட்டலைன்னா மூணு அம்மாங்க தரையிலயேதான் படுக்கணும்."

செருப்பு மாட்டும் சத்தம். அணைக்காமலே ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போல. கதவு, தெரு, விசில், கைதட்டல், அப்பாவின் மூச்சிரைப்பு எல்லாம் துணி வழியாகக் கேட்டன. பிறகு அவர் குரல்.

"கால் பிடிச்சுக்கிச்சா?"

அடுத்து அத்தையின் குரல். "கெண்டைக்கால்ணா."

"எழுந்திரு. தோளைப் பிடிச்சுக்க."

"சார், தொடாதீங்க," யாரோ ஓடிவந்தார்கள். "தாங்கிப் பிடிச்சா கணக்குல எடுக்க மாட்டாங்க. அவங்களா நடந்தா ஓகே. நீங்க பாதை ஓரக் கயித்துக்கு அந்தப் பக்கம் வாங்க."

தாங்கிப் பிடிக்கக் கூடாது என்று ஆனதும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா திட்ட ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கட்டி வெச்சிருக்க மாட்டேன்?"

"நீயா? கிரீஸ் கையோட எவனாவது வாசப்படி மிதிச்சா காலை உடைப்பேன்னு குதிச்சது யாரு?"

"நடந்துக்கிட்டே பேசு. நிக்காத."

புள்ளி அசைந்தது. முப்பத்தெட்டு.

"அம்மாவுக்கு முடியாதப்ப வாசல் கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனியே, உள்ள வந்தா கடிச்சா தின்னிருப்போம்?"

"நீதான் கதவுல நின்ன."

"நின்னேன். தடுக்கவா நின்னேன்?"

காலடிகள் தொடர்ந்தன. ஒருவர் மூக்கை உறிஞ்சினார். எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரியவில்லை. முப்பத்தொன்பது போனதே எனக்குத் தெரியாது.

"அண்ணா, நாப்பது போர்டு! தாண்டிட்டேன். எல்லாக் கட்டிலும் வந்துடும். போதும், நான் இப்படியே உக்காரப்போறேன்."

"எதுக்கு உக்காரணும்? இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்குல்ல? புள்ள பொறந்ததை எனக்குச் சொல்லாம விட்டியே, அதுக்கே நான் இன்னும் வரல."

அத்தை சிரித்தார். இழுத்து இழுத்து வைக்கும் அடிகள் மறுபடி தொடங்கின.

"அப்பா! அத்தைக்குத் தண்ணி வாங்கிக் குடுங்கப்பா!" என்று கத்தினேன்.

சட்டைப் பை சரசரத்தது. "நீ இன்னும் லைன்லயா இருக்க? வை ஃபோனை. நாங்க பேசிட்டிருக்கோம்."