பத்து வாட்டும் தேக்குப் பெட்டியும்

கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் செய்து வைத்திருந்த ஜோடி ஸ்பீக்கர்கள் அவை. தேக்குப் பெட்டி அவரே இழைத்தது. உள்ளே இருப்பது காகிதக் கூம்பு வைத்த பழைய சாமான், கெட்டால் மாற்று கிடைக்காது. தூசி தட்டக்கூட என்னை விடமாட்டார். நானோ ஆம்ப்ளிஃபயர் பைத்தியம். தென்காசியில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினால்தான் எனக்கு மனசு ஆறும். அந்தச் சாரல் சீசனில் கிளாஸ் ஏ ஒன்று செய்து முடித்தேன். பாட்டே ஓடாவிட்டாலும் முழுக் கரண்டையும் குடித்துக்கொண்டு கொதிக்கிற ரகம் அது.

அதை அவருடைய ஸ்பீக்கரில் போடக் கேட்டேன்.

“எத்தன வாட்டு?”

“பத்து.”

“நம்ம மிக்ஸியே எழுநூத்தம்பது வாட்டு. ஏட்டி, வெளையாடுதியா?”

“மிக்ஸி அரைக்கும், பாடுமா? ஒங்க ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டு குடுத்தாலே வீடு நெறஞ்சிரும்.”

கணக்கு சரிதான். எட்டு ஓம் ஸ்பீக்கர், கொஞ்ச பவரிலேயே உரக்கப் பாடும். அதற்குத் தோதாகத்தான் கரண்டை வைத்திருந்தேன். ஆனாலும் அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “பாடலைன்னாலும், ஒங்க ஸ்பீக்கர் கருகுச்சுன்னாலும் இனிமே சால்டரிங் அயர்னையே தொட மாட்டேன், போதுமா?” என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினோம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்ததால் எங்கள் ரோட்டில் ஒரே வண்டிச் சத்தம். சாரல் பட்டால் காகிதம் ஊறிவிடும் என்று அவர் ஜன்னல்களை எல்லாம் சாத்தினார். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. நாதஸ்வரம் போட்டார். முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், கொஞ்ச நேரத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“பக்கத்துல இருந்து ஊதுத மாதிரில்லா இருக்கு!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில், சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டைத் தொட்டேன். சுரீர் என்றது. நேற்று வரை அதில் கையை வைத்துக்கொண்டே பேசியிருக்கிறேன். ஒரு வாரமாக நான் கரண்டைச் சரிபார்த்ததெல்லாம் திறந்த ஜன்னலுக்கு அடியில். குற்றாலக் காற்று ஓசியில் விசிறிவிட்டதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருக்கிறேன்!

இடது ஸ்பீக்கரைப் பார்த்தேன். முன்னும் பின்னும் அதிர வேண்டிய கூம்பு முன்னால் தள்ளிக்கொண்டு அப்படியே நின்றது. சூட்டில் ஆம்ப்ளிஃபயர் நிலை தவறி, ஸ்பீக்கருக்குள் போகவே கூடாத டிசி கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் வார்னிஷ் கருகிய வாடை வந்துவிட்டது.

மீட்டர் வைத்தேன். வலதுபக்கம் உயிர் இருந்தது. இடதுபக்கம் முள் அசையவே இல்லை. அவர் மீட்டரை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தார். பிறகு தான் இழைத்த பெட்டியைத் தடவிக்கொடுத்தார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

அயர்னை வயரோடு சுருட்டி அவர் முன்னால் வைத்தேன். “எடுத்து உள்ள வைங்க. சொன்னா சொன்னதுதான்.”

“ஒன் வீறாப்ப ஒடப்புல போடு.” அவர் எழுந்து வலது ஸ்பீக்கரை அறையின் நடுவில் இழுத்து வைத்து, அதன் வயரை என் கையில் கொடுத்தார். “ஒண்ணு இருக்குல்லா. சூட்டச் சரிபண்ணிட்டு இதுல போடு.”

“இதுவும் போச்சுன்னா?”

“போகாமப் பாத்துக்கோ. பாட்டு பாதியில நிக்குதுல்லா.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வயரை மட்டும் நான் விடவில்லை.