சாமி குதிரைக்குப் புல் அறுத்தவர்

வியாழக்கிழமை மாலை, மறுநாள் பூசைக்காக விளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. புளிக் கையோடே எடுத்தேன். கிள்ளான் பக்கமுள்ள பண்டமாரானிலிருந்து அண்ணி.

“கமலா, உங்க அண்ணன் புல்லு மேலயே சாஞ்சிட்டாரும்மா. லோரிக்காரரு எழுப்பிப் பாத்திருக்காரு. எந்திரிக்கல.”

துறைமுகச் சாலை ஓரத்தில், பாதி நிரம்பிய கோணிச் சாக்கின் மேல் தலை வைத்துக் கிடந்தாராம். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து அந்த ஓட்டுநர் முதலில் ஹாரன் அடித்திருக்கிறார். அரிவாள் கையிலேயே இருந்ததாம். என் உடன்பிறந்த அண்ணன் மாணிக்கம், துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், அப்படித்தான் போனார்.

பத்து நாள் கழித்துக் கோயில் செயலாளர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலுள்ள எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வரை வந்தார். “அக்கா, திருவிழா மலருக்கு அண்ணனப் பத்தி ஒரு பக்கம் வேணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்க. படிச்சா மனசு நெகிழணும்” என்றார். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றே வருடம். மிச்சமெல்லாம் தேவாரப் புத்தகமும் வீட்டுக் கணக்கு நோட்டும் கற்றுக் கொடுத்தவை. நடந்ததை நடந்தபடி எழுதத்தான் எனக்குத் தெரியும். அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று சொல்கிறேன். குதிரை வைத்திருந்தவர் என்றால் குதிரைப் பிரியர் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். அவர் அப்படி இல்லை. அவருக்குக் குதிரை என்றால் பயம். நாய்க்கே ஒதுங்கி நடப்பவர். சந்தையில் கடை கட்டும் நேரம் பார்த்து மீன் வாங்கும் சிக்கனக்காரர். ஆனால் பேச்சு மாறாதவர். “நூறு மூட்டைன்னு எழுதினா நூறு எறங்கணும். தொண்ணூத்தொம்பது எறங்கினா எழுதினவன் பொய்யன்” என்பார். அந்தக் குணம்தான் அவரைக் கொண்டுபோய்க் குதிரை லாயத்தில் கட்டிப்போட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணிக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை. உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வார்டுக்கு வெளியே நின்று அண்ணன் மதுரை வீரனை வேண்டிக்கொண்டார்: “சரோஜா பொழைச்சு வீடு வந்தா ஒனக்கு ஒரு குதிரை வாங்கி விடறேன்.”

எங்கள் மதுரை வீரன் கோயிலுக்கு இந்த வேண்டுதல் புதிதல்ல. சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாக நிற்கின்றனவே, முழங்கால் உயரத்துக்கு, வெள்ளை வர்ணமும் சிவப்புச் சேணமுமாய், அத்தனையும் வேண்டுதல் குதிரைகள்தாம். எல்லாம் சிமெண்டு. கிள்ளானில் சிலை செய்பவரிடம் சொன்னால் இரண்டு வாரத்தில் கிடைக்கும். அண்ணி நல்லபடியாக வீடு திரும்பியதும் நானே அந்த முகவரியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“பாப்பா, நான் சிமெண்டுன்னு சொல்லலியே.”

“யாருமே அப்படிச் சொல்றதில்லண்ணே. நம்ம கோயில்ல குதிரைன்னா சிமெண்டுக் குதிரைதான். சாமிக்கே தெரியும்.”

“நான் சொல்லும்போது என் மனசுல நின்னது உசுருள்ள குதிரை. அதுவும் அவருக்குத் தெரியும்ல?”

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “என்னைக் கேட்டா நேர்ந்தாரு? ஒரு கோழியோட நிறுத்தியிருக்கலாம்” என்றார். சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

கோலாலம்பூர் பந்தயத் திடலில் குதிரை பராமரிக்கும் ஒருவர் மூலம், கால் பழுதாகி இனி ஓடாது என்று ஒதுக்கப்பட்ட எட்டு வயதுக் குதிரை ஒன்று கிடைத்தது. அண்ணனின் இரண்டு மாதச் சம்பளம். “வெல கம்மிதாண்ணே. வாயிதான் பெருசு” என்று அந்த மனிதர் அப்போதே எச்சரித்தார்.

கோயிலுக்கு அது லோரியில் வந்து இறங்கிய நாளில் மேளம் என்ன, மாலை என்ன! கோயில் கமிட்டித் தலைவர் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். சிமெண்டுக் கல்வெட்டில் அவர் பெயரைப் பொறித்தார்கள். “தீனிச் செலவ கமிட்டி பாத்துக்கும். கொட்டகை கட்டற வரைக்கும் ஒங்க வீட்டுப் பின்னால நிக்கட்டும்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். முதல் மாதம் ஒரு மூட்டை தவிடு வந்தது. இரண்டாம் மாதம் “திருவிழா முடியட்டும்” என்றார்கள். பதினோரு திருவிழா முடிந்துவிட்டது.

மாதக் கடைசி ஞாயிறுதோறும் அண்ணன் பேருந்து ஏறி என் வீட்டுக்கு வருவார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ரசீதுகள். நாங்கள் இருவரும் தரையில் பரப்பிவைத்து, எதை வெட்டலாம் என்று பார்ப்போம். முதல் ஆண்டில் அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த வாய்க்குள் போனது. கப்பலில் வரும் காய்ந்த புல்லை முதலில் நிறுத்தினோம். அதற்குப் பதில் வேலைக்குப் போகும் முன் இரண்டு சாக்கு, வந்தபின் இரண்டு சாக்கு என்று சாலையோரப் புல்லை அவரே அறுத்து மோட்டார் சைக்கிளில் கட்டி வந்தார். மண் தரையில் நிற்கும் குதிரைக்கு லாடம் எதற்கு என்று கழற்றச் சொல்லி, குளம்பைச் சீவி அரம் போட அவரே கற்றுக்கொண்டார். பூச்சி மருந்தை மாடு வைத்திருப்பவர்களோடு சேர்ந்து மொத்தமாக வாங்கினார். சாணத்தைப் பூச்செடி விற்பவர்களுக்கு மூட்டை கட்டி விற்றார். அண்ணன் வீட்டில் மாலைக் காபிக்குச் சர்க்கரை குறைந்தது. அதையும் நோட்டில் எழுதினேன்.

அண்ணன் குடியிருந்த கம்பத்துப் பையன்கள் கேலி செய்யாமல் விடவில்லை. “மாணிக்கண்ணே, ரோட் டேக்ஸ் கட்டியாச்சா லா?”

“ரோட் டேக்ஸ் இல்லப்பா. டேங்க்தான் ரொம்பவே மாட்டேங்குது.”

சிக்கனத்திலும் ஒருமுறை தவறினோம். பக்கத்தில் தோஃபு செய்யும் சீனர் சோயாச் சக்கையைச் சும்மா கொடுத்தார். சும்மா என்றதும் எங்கள் இருவருக்கும் கண் விரிந்தது. “தவிட்டைப் பாதியாக் கொறைங்கண்ணே” என்று சொன்னவள் நான்தான். நான்காம் நாள் பகலில் குதிரை வயிறு உப்பிப் புரள ஆரம்பித்தது. படுக்க விட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்ல, அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடத்தினார். வலியில் அது அவர் தோளைக் கடித்தது. அவர் கயிற்றை விடவில்லை. மருத்துவருக்குக் கொடுக்க அண்ணியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. மூழ்கியும் போயின.

அன்று கொல்லையில் நின்று அண்ணி என்னிடம் சொன்னது இது: “மாசாமாசம் என் உசுருக்கு வாடகை கட்டறாரு ஒங்க அண்ணன். இவ்ளோ வாடகைக்கு இந்த உசுரு தேறுமா கமலா?”

அடுத்த ஆண்டு ஒரு வழி திறந்தது. கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருந்த ஒரு பஞ்சாபிக்காரர், மகன் திருமணத்தில் மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும் என்று தேடி வந்தார். ஒரு மணி நேரம் போதும். அவர் சொன்ன தொகை இரண்டு மாதத் தீனி. அவர் சொந்தத்தில் இன்னும் நான்கு கல்யாணம் இருந்தது. அண்ணன் ஞாயிறுவரை பொறுக்காமல் புதன்கிழமையே என் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“தப்பில்லல்ல பாப்பா?”

நான் விரதம் இருப்பவள். நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவள். அந்தத் திமிரில் சொன்னேன்: “சாமிக்கு விட்டத வாடகைக்கு விடலாமாண்ணே? அது சாமி சொத்து.”

அவர் தலையை ஆட்டினார். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாளே பஞ்சாபிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார்.

மூன்று ஆண்டு கழித்துக் கோயில் ஆண்டுக் கூட்டத்தில் அச்சடித்த கணக்கு எல்லோர் கைக்கும் வந்தது. எனக்குக் கணக்கைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. வரவுப் பக்கத்தில் ஒரு வரி: ‘குதிரை வாடகை’. வேறு இரண்டு கோயில் ஊர்வலத்துக்கும் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கும் கமிட்டிக்காரர்கள் குதிரையை அழைத்துப் போயிருந்தார்கள். சாமி காரியம் என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் அண்ணனிடம் வாங்கிப் போனார்கள். செலவுப் பக்கத்தைத் திருப்பினேன். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன். குதிரைக்கு ஒரு வரி இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றேன்.

“தலைவரே, குதிரைக்கு வரவு இருக்கு. செலவு எங்க?”

“அம்மா, சாமி குதிரை சாமி வேலைக்குப் போச்சு. வந்த காசு சாமிக்கு.”

“அப்ப சாமி குதிரை தின்னது யாரு காசு?”

தலைவர் புன்னகைத்தார். “அது ஒங்க அண்ணனோட புண்ணியம்மா. புண்ணியத்துல நாங்க பங்கு கேக்கலாமா?”

கூட்டம் சிரித்தது. இதைப் படிப்பவர்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் மட்டும் மெதுவாக வந்தது: “உக்காரு பாப்பா.”

பேருந்து நிறுத்தத்தில் நான் அழுதேன். கோபத்தில் அழுதேன். “நான் வாக்குக் குடுத்தது கமிட்டிக்கா?” என்றார் அண்ணன். கமிட்டியைப் பற்றி அவ்வளவுதான் அவர் சொன்னது. “அன்னிக்கு அந்தக் கல்யாணத்துக்கு விடுங்கன்னு நான் சொல்லியிருக்கணும்ணே” என்றேன். “நீ சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்” என்றார். என் ஆறுதலுக்காகச் சொன்ன பொய். கேட்க வந்த புதன்கிழமை முகம் எனக்கு மறக்கவில்லை. பொய்யே சொல்லாதவர் எனக்காக ஒன்று சொன்னார்.

ஓய்வு பெற்றபின் பிஸ்கட் டின்னோடு வரும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் குத்துவதாக அண்ணி சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே என்று கெஞ்சினேன்.

“போனா படுக்கச் சொல்லுவாங்க. அப்புறம் புல்லு?” என்றார். “குதிரை முப்பது வயசுகூட இருக்குமாம் பாப்பா. அதுக்கு நான் முந்திடக் கூடாது.”

“இத்தன வருசத்துல பயமாவது போச்சா?”

“இன்னும் பயந்தான். தீனி வச்சிட்டு ஓடியாந்துருவேன்.”

அவர் முந்திவிட்டார்.

தகனம் முடிந்து ஆண்கள் திரும்பிய மாலை. கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மாலைதான் எல்லாவற்றிலும் பெரிது. தலைவர் குரலைத் தாழ்த்தி அண்ணியிடம் பேசினார்.

“குதிரையப் பத்திக் கவலப்படாதீங்கம்மா. கடலோர ரிசார்ட் ஒண்ணுல கேக்கறாங்க. குடுத்துரலாம். நல்ல வெல.”

நான் கேட்டேன்: “சாமிக்கு விட்டத விக்கலாமா?”

“கோயில் சொத்துதானம்மா. கமிட்டி ஒரு தீர்மானம் போட்டா முடிஞ்சது.”

பதினோரு வருடம் என் அண்ணனுக்கு இல்லாத வழி, ஒரு தீர்மானத்தில் இருந்திருக்கிறது.

அப்போது கொல்லையில் குதிரை தகரத்தை உதைக்கும் சத்தம் கேட்டது. முதல் நாள் மாலையிலிருந்து யாரும் அதற்கு ஒரு பிடி புல் போடவில்லை. எங்கள் யாருக்கும் நினைவில்லை. அண்ணி உள்ளே போனார். முழுகிய தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அரிவாளையும் கோணிச் சாக்கையும் தலைவர் காலடியில் வைத்தார்.

“வித்துக்கிடுங்க தலைவரே. வாங்கறவங்க வர்ற வரைக்கும் அது நிக்கணும்ல? யாராச்சும் ஒரு சாக்கு அறுத்துட்டு வாங்க.”

எட்டு வெள்ளை வேட்டிகள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர், “மழ பெஞ்சிருக்கு, சேறா இருக்கும்” என்றார். தலைவர் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேநீரை அவர் குடித்து முடிக்கும்வரை அண்ணி நின்றார். பிறகு குனிந்து அரிவாளை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தார். நான் சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். துக்க வீட்டுப் பெண்கள் அப்படி வெளியே போகக் கூடாதுதான். எங்களை யாரும் தடுக்கவில்லை.

அண்ணன் கிடந்த இடத்தில் புல் ஆள் நீளத்துக்கு அமுங்கிக் கிடந்தது. அண்ணி அதைச் சுற்றி அறுத்தார். அந்த இடத்தைத் தொடவில்லை. சாக்கு நிரம்பியதும் இருவருமாகத் தூக்கி வந்தோம். வாசலில் நாற்காலிகள் காலியாக இருந்தன.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்தக் குதிரை யாரிடம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. கல்வெட்டில் அண்ணன் பெயர் நிற்கும். அது சிமெண்டு.

அண்ணே, குதிரை தின்னுருச்சு. இன்னிக்கும் சரோஜா அண்ணிதான் போட்டாங்க. நீங்க போயிட்டு வாங்க.