மைக் அக்காவின் கழுத்து

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விசாரணை அறைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. குரலை மட்டும் கேட்டவர்கள், யாரோ கொடி போன்ற இளம்பெண் என்று முடிவு கட்டியிருப்பார்கள். நேரில் எட்டிப் பார்த்துவிட்டு, "மைக்ல பேசுறவங்க இல்லீங்களா?" என்று அவளிடமே கேட்பார்கள்.

"நான்தாங்க அது. எங்கிட்ட ஒல்லியா இருக்கிறது குரல் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரிப்பாள். சின்ன வயதிலிருந்தே பருமன். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே முந்திக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அந்தக் குரலே போய்விட்டது என்று அவள் பயந்த காலம் ஒன்று உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன்பு பித்தப்பையில் கல் என்று ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்ந்தாள். மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்ததும் பக்கத்தில் நின்ற கணவனிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்கப் போனாள். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை ரணமாக எரிந்தது.

"ஆபரேஷனே பண்ணலையாம்" என்றான் கணவன். பணிமனையில் டயர் மாற்றும் வேலை அவனுக்கு. எவ்வளவு பெரிய விஷயத்தையும் நாலு வார்த்தையில் முடித்துவிடுகிற ஆள்.

கண்ணாடி போட்ட மயக்க மருந்து டாக்டர் வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. "ரெண்டு மூணு தடவை பார்த்தும் மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட முடியலம்மா. ரிஸ்க் எடுக்க வேண்டாம்னு எழுப்பிட்டேன்" என்றார். பின்னாலிருந்து யாரோ, "முதல்ல உடம்பைக் குறைச்சிட்டு வரச் சொல்லுங்க சார்" என்றார்கள். அது அவள் காதில் ஈட்டி மாதிரி இறங்கியது.

குரல் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதுவரை நிலையத்தில் பதிவு செய்த குரல் ஒன்றை ஓடவிட்டார்கள். அது கிளம்பிப் போன வண்டியை வரச் சொன்னது, வராத வண்டியைக் கிளம்பச் சொன்னது. "அந்த மெஷினுக்கு நம்ம பஸ் மேல பாசமே இல்லக்கா" என்று ஓட்டுநர்கள் வந்து புலம்பினார்கள். அவள் சிரித்தாள். உள்ளுக்குள் மட்டும் அந்தக் கண்ணாடிக்காரரைத் திட்டாத நாளில்லை. இனி செத்தாலும் தொண்டையில் கை வைக்க விடமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

கல் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு நாள் அறிவிப்பின் நடுவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலியில் "ஐயோ அம்மா!" என்று அலறிவிட்டாள். மைக் அணைக்கப்படவில்லை. நிலையமே திரும்பிப் பார்த்தது. ஓட்டுநர்கள் ஓடிவந்து தூக்கிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஊசியில் வலி அடங்கியது. ஆனால், பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டும், இன்னொரு முறை வலி வந்து சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்றார் அறுவை மருத்துவர்.

"கத்தி வைக்கிறதுக்குப் பயமில்ல டாக்டர். அதுக்கு முன்னாடி நடக்கிறதுக்குத்தான் பயம்."

"அப்ப இங்க மயக்க மருந்து குடுக்கிற டாக்டரையே போய்ப் பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னா வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்வதற்காகவே போனாள். மயக்க மருந்துப் பிரிவில் இருந்தது குட்டையான, முடியைக் கத்தரித்துவிட்ட ஒரு பெண் டாக்டர். வாசலில் அவளைக் கண்டதும் எழுந்து, அங்கே கிடந்த கைப்பிடி வைத்த நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு, கைப்பிடியில்லாத அகலமான பெஞ்சை இழுத்துப் போட்டார். கைப்பிடி நாற்காலிகளில் உடம்பைத் திணித்துத் திணித்து இடுப்பில் தழும்பேறிய மைக் அக்காவுக்கு, சொல்ல வந்த "வேண்டாம்" தொண்டையிலேயே நின்றுவிட்டது.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். பிறகு கணவன் பக்கம் திரும்பினார்.

"அக்கா குறட்டை விடுவாங்களா?"

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லுங்க, என்னமோ ரகசியம் மாதிரி" என்றாள் அவள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க வந்து விசாரிச்சிருக்காங்க டாக்டர்."

"நடுவுல மூச்சு நின்ன மாதிரி இருக்குமா?"

"இருக்கும். அப்போ தோளைத் தட்டுவேன். திரும்பிப் படுத்துக்குவா."

மைக் அக்கா அவனையே பார்த்தாள். "தினமுமா?"

"பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவன் சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். இத்தனை வருடம் இந்த மனுஷன் இதைப் பற்றி மூச்சே விட்டதில்லை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

டாக்டர் ஒரு சின்ன ஸ்கேன் இயந்திரத்தை உருட்டி வந்தார். "படுங்கக்கா. கழுத்துல ஜெல் தடவுறேன், சில்லுன்னு இருக்கும்."

"வயித்துல பிள்ளை இருக்கும்போது எடுப்பாங்களே, அதுவா? கழுத்துல என்ன பிள்ளையா இருக்கு?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "வழி இருக்கு. அதைத்தான் தேடுறேன். வெளியில இருந்து பார்த்தா கழுத்து ஒரே மாதிரிதான் தெரியும். உள்ள தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவுல எவ்வளவு சதை, எந்த இடத்துல இடுக்கு, எல்லாம் இதுல தெரியும். தெரிஞ்சா முன்னாடியே தயாரா இருக்கலாம்."

கருவி கழுத்தில் மெல்ல ஊர்ந்தது. திரையில் மழைக்கால வானம் போலச் சாம்பல் நிறம். டாக்டர் அங்கங்கே நிறுத்தி அளந்தார். "நாக்குக்குக் கீழே, குரல்வளைக்கு முன்னாடி, ரெண்டு இடத்துலயும் நல்ல கனம். தூங்க வச்ச பிறகு டியூப் போடுறது யாருக்குமே கஷ்டம்தான்" என்றார். பிறகு கருவியைச் சற்று இறக்கி, திரையை அவள் பக்கம் திருப்பினார். "இப்போ ஏதாவது பேசுங்க."

என்ன பேசுவது? வாய் தானாக வேலைக்குப் போயிற்று. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் நடுங்கிக்கொண்டே ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து ஒட்டின. நிறுத்தியதும் விலகின.

"அதுதான் உங்க குரல்" என்றார் டாக்டர். "ரெண்டு பக்கமும் சமமா அசையுது. ஒரு பழுதும் இல்ல."

இத்தனை பெரிய உடம்புக்குள் இத்தனை சின்னதாக ஒன்று இருந்துகொண்டு, நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி உழைத்துக்கொண்டிருக்கிறது! அவளுக்குக் கண் நிறைந்து காதோரம் வழிந்தது. "அந்தக் கண்ணாடிக்காரர் கிழிச்சுட்டார்னுதான் நினைச்சேன் டாக்டர்."

டாக்டர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? டியூப் போகலைன்னு தெரிஞ்சதும் நிறுத்தி உங்களை எழுப்பினாரே, அது லேசான முடிவு இல்ல. விடாம குத்திக்கிட்டே இருந்திருந்தா உள்ள வீங்கி, மூச்சே அடைச்சிருக்கும். நீங்க இன்னைக்கு இங்க படுத்திருக்கீங்கன்னா அதுக்கு அவர்தான் காரணம்."

மைக் அக்காவுக்கு, தான் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

இந்த முறை செய்யப்போவதை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போக வைத்து, வளைகிற கேமராவோடு மூக்கு வழியாக டியூபைச் செலுத்துவது. அவள் தானே மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். டியூப் சரியாக உட்கார்ந்த பிறகுதான் தூக்கம். "அதுவும் முடியலைன்னா கழுத்துல முன்பக்கமா கீறி மூச்சுக்கு வழி பண்ணணும். உங்க கழுத்துல தடவிப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால அன்னைக்குக் காலையில ஸ்கேன்ல பார்த்து மார்க் பண்ணிடுவேன். தேவைப்படாதுன்னு நம்புறேன்."

ஆனாலும், மறைக்காமல் சொல்கிற ஆளிடம் பயத்தை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது. "சரி டாக்டர்" என்றாள்.

அறுவை சிகிச்சை அன்று தலையும் தோளும் உயரும்படி மடித்த போர்வைகளை அடுக்கி, அவளைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். கழுத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. தெளித்த மருந்து வேப்பெண்ணெயைவிடக் கசந்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டை தன்னுடையதே இல்லை என்றாகிவிட்டது. டாக்டர் காதருகில் பேசிக்கொண்டே இருந்தார். "நல்லா மூச்சு விடுங்க... குரல்நாண் தெரியுது... இன்னும் ஒரே ஒரு பெரிய மூச்சுக்கா." இருமல் வந்தது, கண்ணீர் வந்தது, ஒரு செவிலியின் விரல்களை நெரித்துவிட்டாள். "உள்ள போயிடுச்சு. இனி தூங்கலாம்" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது.

விழித்தபோது டியூபை எடுத்துவிட்டிருந்தார்கள். பயந்து பயந்து வாயைத் திறந்தாள்.

"என்னங்க..."

கொஞ்சம் கரகரப்பு. ஆனால் குரல். கணவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

தேறியதும் முதல் வேலையாக அந்தச் சின்ன மருத்துவமனைக்குப் போனாள். கணவன், "சண்டை போடவா?" என்று கவலையோடு கேட்டான். "பேசாம வாங்க" என்றாள்.

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முகம் வெளுத்தது. மெதுவாக எழுந்து நின்றார்.

"உட்காருங்க டாக்டர். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அன்னைக்கு நீங்க நிறுத்தினதுனாலதான் நான் இருக்கேன்னு சொன்னாங்க. தெரியாம உங்களை ரொம்பத் திட்டிட்டேன். நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குரல் வந்துடுச்சே" என்றார் முதலில். "அன்னைக்கு உங்களை எழுப்பினதுல இருந்தே, முன்னாடியே கழுத்தைப் பார்த்திருக்கலாமேன்னு தோணிக்கிட்டே இருந்துது. அதுக்கப்புறம்தான் விடுப்பு போட்டுட்டுப் போய் இந்தக் கழுத்து ஸ்கேனைக் கத்துக்கிட்டேன். இப்போ பருமனா யார் வந்தாலும் பார்க்காம உள்ள கூட்டிட்டுப் போறதில்ல."

அறையின் மூலையில் சக்கரம் வைத்த சின்ன இயந்திரம் ஒன்று நின்றது. அதன் முன்னால், மைக் அக்காவைப் போலவே கனத்த உடம்போடு ஒரு பெண் கட்டிலில் படுத்து, முறை வருவதற்காகக் காத்திருந்தாள். முகமெல்லாம் பயம்.

மைக் அக்கா அவளிடம் போனாள். "சில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஜெல்லை எடுத்தார்.